புளி போட்டுத் தேய்த்த தண்டு

செவ்வாய் இரவு, உத்திரமேரூர் லாட்ஜ்

மலையில் விழுந்த சின்ன விமானத்தின் பைலட் வீட்டுக்கு இன்று போனேன். அவன் உடல் கிடைக்கவில்லை. மலைக்கு வந்திருந்த அவன் அம்மா, அங்கே கிடந்த இரும்புத் தண்டு ஒன்றை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து, அவன் படத்தின் முன் வைத்துப் படைத்திருக்கிறார். விபத்தை விசாரிக்கும் நாங்கள் தேடி அலைந்த வால் பகுதித் தண்டு அதுதான். ஒடிந்த இடத்தில் பழைய துரு இருந்தால் விமானத்தின் கோளாறு. இல்லையென்றால் பழி பைலட் மேல்தான் விழும்.

தண்டு பளபளத்தது.

“துரு புடிச்சி அசிங்கமா இருந்துச்சி சார். புள்ளைக்கு அப்டியே வெக்க மனசு வர்ல. புளி போட்டுத் தேச்சேன். அவம்மேல தப்பில்லன்னு எழுதிடுவீங்க இல்ல?”

தலையாட்டிவிட்டு வாங்கிவந்தேன். ஒரு பொட்டுத் துருவாவது மிஞ்சியிருக்காதா என்று இன்னும் லென்ஸ் வைத்துத் தேடுகிறேன். அந்த அம்மா ஒரு இடுக்கைக்கூட விடவில்லை.