சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள்

29 ஒக்டோபர் 1967

காலை முழுவதும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் இருமல். நாற்பது பேருக்கு மருந்து கலக்கிக் கொடுத்து நிமிர்ந்தபோது கீழ்ப்பிரிவிலிருந்து ஆள் வந்தான். குழந்தைக்கு இழுப்பு. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூன்றரை மைல், பாதி இறக்கம், பாதி வழுக்கல். நான் போய்ச் சேர்ந்தபோது தாய் குழந்தையைத் துணியால் மூடிவிட்டிருந்தாள்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருத்தி கால் கழுவத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

இந்த வருடத்தில் இது இரண்டாவது. நான் மருந்து கலக்கும் ஆள்தான். தோட்டம் டொக்டரய்யா என்கிறது, நானும் திருத்துவதில்லை. அந்தப் பெயருக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா? மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

30 ஒக்டோபர்

லோகாவிடம் சொன்னேன். "ஸ்டூல்ல ஏறி பல்ப் மாத்தவே என்னைப் பிடிச்சுக்கச் சொல்ற ஆளு நீங்க" என்றாள். மனைவி என்றால் இப்படித்தான் உற்சாகப்படுத்த வேண்டும்.

17 நவம்பர்

போயா லீவு, இப்போது ஞாயிறுக்குப் பதில் இதுதான். பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். ஜவுளிக்கடை மஹ்ரூப் நாநா தன்னுடைய ஜப்பான் வண்டியை விற்கப்போவதாகக் கேள்வி, வருவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். கடை பூட்டு, வீட்டுக்கே போனேன். சிவப்பு வண்டி, சின்னது, சீட்டில் இரண்டு இடத்தில் தையல். ஏறி உட்காரச் சொன்னார். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட்டன.

"புதுசா ஓட்டுற ஆளுக்கு மொதல்ல அதுதான் வேணும் டொக்டர். விழப்போனாலும் காலை ஊண்டிக்கலாம்" என்றார். பிறகு எஞ்சினில் என் கையை எடுத்து வைத்தார். பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. "நீங்க வாறீங்கன்னு காலையில இருந்து தொடல்ல. சூடான எஞ்சினக் காட்டுறவன நம்ப வேணாம். ஆறின எஞ்சின் எத்தினாவது ஒதையில கெளம்புதுன்னு பாருங்க, என்ன கலர்ல பொகை வருதுன்னு பாருங்க."

இரண்டாவது உதையில் கிளம்பியது. தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். "மேட்டுல மெதுவாத்தான் ஏறும், அதையும் சொல்லிப்புடறேன்" என்றார். விற்கிறவர் குறையைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

2 டிசம்பர்

ஆபீஸ் கிளாக்கர் தம்பையா கூப்பிட்டுச் சொன்னார். தோட்டத்து உதவி மனேஜர் சின்னத்துரை ஆஸ்திரேலியாவுக்கே போகிறாராம். புதிதாக வருகிறவருக்குத் தோட்டம் ஜீப் கொடுக்கிறது. ஆகவே மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு. "தொரமார் வச்சிருந்த வண்டி ஐயா. மூணு சின்னதொர மாறியாச்சு, வண்டி மாறல. போயும் போயும் துணிக்கடைக்காரர் வண்டியிலயா நீங்க போறது?"

5 டிசம்பர்

போய்ப் பார்த்தேன். இங்கிலாந்து வண்டி, கறுப்பு. என் முகம் தெரிகிறது டாங்கியில். உதைத்தால் பங்களாக் கண்ணாடி அதிர்கிறது. கால் விரல் நுனிதான் நிலத்தில் பட்டது. கையை எஞ்சினில் வைத்தேன், சூடாக இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

9 டிசம்பர்

வாங்கிவிட்டேன். கூடவே அவருடைய காக்கி மழைக்கோட்டையும் கொடுத்தார்.

மேட்டில் ஏற வலுவான வண்டி வேண்டும் என்று லோகாவிடம் காரணம் சொன்னேன். இங்கே உண்மையை எழுதலாம். அந்த வண்டியில் நான் போய் இறங்கினால் தம்பையா நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். அதற்காகத்தான்.

மஹ்ரூப் நாநாவுக்குத் தபாலில் எழுதிப் போட்டேன். நேரில் சொல்ல முகம் இல்லை.

7 ஜனவரி 1968

பக்டரி முற்றத்தில் பழகினேன். கிளச் என்ற சாமான் மனிதனுக்கு எதிராகக் கண்டுபிடிக்கப்பட்டது.

13 ஜனவரி

கானுக்குள் விழுந்தேன். மழைத்தண்ணீர் ஓடும் அந்தக் கானை இருபது வருடமாகத் தாண்டி நடக்கிறேன், அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? வண்டியைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். முழங்காலுக்கு நானே மருந்து போட்டுக்கொண்டேன். நல்ல எரிச்சல். இனிமேல் நோயாளியிடம் "எரியாது" என்று பொய் சொல்லக் கூடாது.

27 ஜனவரி

முதன்முதலாக மலைப்பாதையில் தனியாக. வளைவில் திரும்புமுன்பே கொழுந்து பறிக்கும் பெண்கள் கப்சிப். கங்காணி குடையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், பரவாயில்லை. அதற்கு முந்திய அரை நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

6 பெப்ரவரி

கீழ்ப்பிரிவு சின்னராசா ஆள் அனுப்பியிருந்தான். மனைவி பூவம்மாவுக்குக் குறைப்பிரசவம் ஆகி நான்கு நாள், காய்ச்சல் விடவில்லையாம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பறந்தேன். இருபதே நிமிடம்! ஒக்டோபரில் இந்த வண்டி இருந்திருந்தால்...

போனால் லயத்து வரிசை வீடுகளில் ஆளே இல்லை. கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. சின்னராசா வீட்டில் பாய் விரித்தபடி கிடக்கிறது, படுத்திருக்க வேண்டியவளைக் காணோம். கூப்பிட்டேன், ஒரு கோழி மட்டும் எட்டிப் பார்த்தது. எழுந்து வேலைக்குப் போகிற அளவுக்குச் சுகமென்றால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்?

7 பெப்ரவரி

மறுபடியும் ஆள். மறுபடியும் போனேன், கொட்டும் மழையில். மறுபடியும் ஆள் இல்லை. என்னை வைத்து விளையாடுகிறார்கள்.

8 பெப்ரவரி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் சின்னராசாவே வந்து நின்றான். பாய்ந்தேன். "ரெண்டு தரம் வந்தேன், எங்கடா போனா ஒம் பொஞ்சாதி?"

அவன் விழித்தான். "நீங்க வரலீங்களே டொக்டரய்யா. ரெண்டு நாளும் சின்னதொரதான் வந்துட்டுப் போனாரு."

"யார் சொன்னது?"

"வண்டி சத்தம் கேட்டுச்சுங்க. புதுசா வந்தவருன்னு நெனச்சோம். சுகமில்லன்னு நீங்க எழுதித் தர்ற துண்டு இல்லாம வீட்டுல கெடந்தா பேரு வெட்டி, கூலி இல்லாம ஆக்கிருவாருல்ல? அவளால நடக்க முடியலீங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க தூக்கிட்டுப் போயி தேயிலைக்குள்ள படுக்க வச்சாங்க. நேத்து மழையிலயும்..."

அவனை முடிக்க விடவில்லை. "நான்தான் சின்னராசா. அது நான்தான்." அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் என்னைத் திட்டியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டான்.

இருவரும் நடந்தே போனோம். ஓட்டமும் நடையுமாக. நெருப்பாகக் கொதிக்கிறாள். சேலை இன்னும் ஈரம். ஐயோ, எம் முட்டாத்தனத்துக்கு ஒரு பொம்பள மழையில கெடந்திருக்காளே! பெரிய துரையின் பங்களாவுக்கே ஓடி லொறி கேட்டு வாங்கி, பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் சொல்லலாம் என்கிறார் பெரிய டொக்டர்.

ஒக்டோபரில் நடந்து போய் ஒரு உயிரைத் தவறவிட்டேன். இப்போது வேகமாகப் போய்.

11 பெப்ரவரி

பிழைத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

12 பெப்ரவரி

மழைக்கோட்டைக் கூலிக்காரக் கிழவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். வண்டியையும் தொலைத்துவிடலாமென்று பதுளையில் விசாரித்தேன். மஹ்ரூப் நாநாவுடையது போன மாதமே பண்டாரவளைக்குப் போய்விட்டதாம். அவர் குத்திக்காட்டவில்லை, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வண்டியில்லாமல் இருப்பதா? அதுவும் முடியாது.

15 பெப்ரவரி

தப்படிக்கிறவரைப் பிடித்தேன். மூன்று பிரிவிலும் தப்படித்து, அந்த வண்டி இனி டொக்டரய்யா வண்டி என்று சொல்லியாயிற்று.

20 பெப்ரவரி

கீழ்ப்பிரிவுக்குப் போனேன். மறுபடியும் ஓட்டம். திரும்பி வந்த ஒரு பெண்ணைப் பிடித்துக் கேட்டேன், தப்படித்தது கேட்கவில்லையா என்று.

"கேட்டுச்சுங்க. டொக்டரய்யா வண்டின்னு தெரியுமுங்க. ஆனா சத்தம் கேட்டா காலு ஓடுதுங்களே, என்ன செய்ய?"

மூன்று சின்னத்துரைமார், பன்னிரண்டு வருடம். என்னுடைய ஒரு நாள் தப்புச் சத்தம் எந்த மூலைக்கு?

24 பெப்ரவரி

தினமும் போவது என்று முடிவு. நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும். லயத்து முற்றத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா படியில் உட்காருவேன். துண்டுப் புத்தகமும் கையில் இருக்கும். சுகமில்லாதவர் என்னிடம் நடந்து வர வேண்டாம், துண்டு அவர்களிடம் வரட்டும்.

2 மார்ச்

உட்கார்ந்தேன். கோழிக்கு என்னைப் பழகிவிட்டது.

11 மார்ச்

ஓடினவர்கள் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கதவிடுக்கில் ஒரு கிழவி, "சாயத் தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். பாலில்லாத தேநீர், இரண்டு கோப்பை குடித்தேன். வீட்டில் சீனி போதவில்லை என்று சத்தம் போடுகிற ஆள், அங்கே சீனியில்லாததைச் சர்க்கரைப் பாகுபோலக் குடித்தேன்.

3 ஏப்ரல்

பூவம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போனபோது அவள் கதவு மட்டும் உள்ளே தாழ்ப்பாள். "பயமில்லீங்க, ஒடம்பு நடுங்குது, அவ்வளவுதான்" என்றான் சின்னராசா. மாத்திரையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

26 மே

இன்று வளைவு திரும்பினால் லயத்துக் கோடியில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் வெறும் போத்தல். சத்தம் கேட்டதும் மருந்து வாங்கப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்! ஒருத்தி கழுவிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு போத்தலிலும் கழுத்துவரை மருந்தை ஊற்றினேன்.

18 ஜூன்

புதிய சின்னத்துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலி காட்டினார், அதுவே எனக்குச் சந்தேகம். ஜீப் லயத்துப் பாதைகளில் இறங்குவதில்லையாம். என் மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தர முடியுமா? பதிலுக்குக் கொழும்பிலிருந்து சின்ன ஜப்பான் வண்டி ஒன்று எடுத்துத் தருவாராம். "அந்தச் சத்தம் கேட்டால் முன்பு லயத்தில் ஒருவரும் படுத்திருக்க மாட்டார்களாமே" என்று சிரித்தார்.

சின்ன வண்டி. இரண்டு காலும் நிலத்தில் படும். கிக்கரை உதைத்து உதைத்து என் கெண்டைக்கால் வீங்கிக் கிடக்கிறது. நாளை சொல்வதாக எழுந்து வந்தேன்.

19 ஜூன்

யோசித்துப் பார்த்தேன். நான்கு மாதமாக அவர்களுக்கு நான் பழக்கியது ஒன்றுதான்: இந்தச் சத்தத்துக்கு ஓடாதே. அதே சத்தத்தோடு இனி அவர் போய் இறங்குவார். இவர்கள் துண்டில்லாமல், போத்தலும் கையுமாக வாசலில் நிற்பார்கள். நானே பிடித்துக் கொடுத்ததாக இருக்கும்.

காலையில் போய்ச் சொன்னேன். "வீட்டில் சம்மதிக்க மாட்டாள் சேர். அவளுக்கு அந்த வண்டி என்றால் உயிர்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சரி, போகலாம் என்றார். நாற்காலி காட்டவில்லை.

லோகா அந்த வண்டியை இதுவரை விரலால்கூடத் தொட்டதில்லை. கேட்டதும், "அந்தப் பழியும் எந் தலையிலயா?" என்றாள்.

25 ஜூன்

போயா. லோகா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். சின்னத்துரையின் பங்களா வழியாகத்தான் போக வேண்டும் என்றாள். அவர் வராந்தாவில் நின்றார், இவள் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு. கோயில் வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னாள், வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாளாம்.

9 ஜூலை

தம்பையா சொல்கிறார், சின்னத்துரைக்கு என்மேல் கோபமாம், வருடக் கடைசி ரிப்போர்ட்டில் தெரியுமாம். தெரியட்டும்.

19 ஜூலை

கீழ்ப்பிரிவு. முற்றத்தில் பூவம்மா நின்றிருந்தாள். போத்தல் இல்லை, வெறுங்கை. ஏப்ரலில் வீடு திரும்பிய பிறகு நான் அவளை வெளியே பார்ப்பது இன்றுதான். எஞ்சினை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதீங்க டொக்டரய்யா. கொஞ்சம் ஓடட்டும்."

கிட்ட வந்தாள். முன் சக்கரத்திலிருந்து பின் விளக்குவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இத்தன வருசமா சத்தத்தத்தான் கேட்டிருக்கேன்" என்றாள். "பாத்ததில்லீங்க."

டாங்கியில் கையை வைத்தாள். அதிர்ந்ததோ என்னவோ, சட்டென்று எடுத்தாள். பிறகு மறுபடியும் வைத்தாள், இந்தத் தடவை எடுக்கவில்லை. நானும் அவள் போதும் என்று சொல்லும்வரை எஞ்சினை ஓடவிட்டேன்.