இடப்பக்கத்துக் காவல்

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் என் கை ஏன் உயர்ந்தது? பயிற்சியாளர் ஊரைவிட்டே போய்விட்டார்; ஆள் கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு நம் பள்ளிக்கு ஃபுட்பால் அணியே இல்லை என்றார் முதல்வர். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்க முடியவில்லை. தடுப்பாட்டத்தை உரக்கடை வெர்ஜில் பார்த்துக்கொள்வார். தாக்குதல் ஆட்டம் எனக்கு — வடிவியல் ஆசிரியைக்கு!

வீட்டில் என் கணவர் டுவைட் விழுந்து விழுந்து சிரித்தார். “இருபத்தாறு வருஷமா நான் மேட்ச் போட்டாலே எழுந்து போயிடுவே. இப்ப கோச்சா, மார்கி?”

ஆகஸ்ட் 17

பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஓடுவதுபோல் காட்டி எறிவது, எறிவதுபோல் காட்டி ஓடுவது. முழுக்க ஏமாற்று வேலை. பிடித்திருக்கிறது. வெளியே சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 29

உட்கார முடியவில்லை. விடைத்தாள் ஓரமெல்லாம் வட்டமும் அம்பும்.

செப்டம்பர் 8, வெள்ளி

என்ன செய்துவிட்டேன்.

எறியும் பந்தைப் பிடிக்கக்கூடிய ஐந்து பேரையும் முன்னால் ஓடவிட்டேன். பந்து எறியும் பையன் கோல்பி, எறிவதற்காக வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கமிருந்து எதிரணிக்காரன் ஒருவன் தடுப்பாரில்லாமல் வந்து மோதினான். காறை எலும்பு முறிவு.

“அவன் முதுகுப் பக்கம் ஒருத்தனையும் நிறுத்தலையே” என்றார் வெர்ஜில். மெதுவாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கோல்பியின் அம்மா ரோண்டா என்னைத் தாண்டிப் போய் நர்ஸிடம் பேசினாள். திட்டித் தொலைச்சிருக்கலாமே!

செப்டம்பர் 10, ஞாயிறு

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஆட்டத்தைக் கற்றுத்தரும்படி டுவைட்டிடம் கேட்டேன். இன்று சிரிக்கவில்லை.

“பந்தைப் பாக்காத. அதை எல்லாரும்தான் பாக்குறாங்க. முன்வரிசையில மறிச்சு நிக்கிற அஞ்சு தடியனுங்க காலைப் பாரு.”

ஒரே ஆட்டத்தை டிவியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பந்தே கண்ணில் படாத அளவுக்கு.

செப்டம்பர் 22

தோல்வி. ஆனால் யாருக்கும் அடியில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

கடைசி ஆட்டத்துக்குக் கோல்பி வரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரோண்டா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவள் வேலை செய்யும் மளிகைக்கடைக்கே போனேன்.

“அவனுக்குப் பின்னாடி யாரு நிப்பாங்க? அதை மட்டும் சொல்லு.”

சூப் டின்களை எடுத்துக் கல்லாமேல் அடுக்கினேன். இவன் அடைப்பான், இவனைத் தாண்டி வந்தால் இவன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஒரு டின்னை நகர்த்தினாள். “இந்த வழியா வந்தா?” அதற்கும் ஒருவனை வைத்திருந்தேன்.

டின்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்தும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 28, சனி

நேற்று கோல்பி ஆடினான்.

கடைசி முயற்சி, நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். “அஞ்சு பேரையும் விடு, மார்கி!” என்று கூட்டம் கத்தியது. ஆசையாகத்தான் இருந்தது. மூவரை அனுப்பி, இருவரைக் கோல்பியோடு நிறுத்தினேன். நிதானமாக எறிந்தான். பந்து விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. தோற்றோம்.

ஊரே திட்டியது. கடைசியாக ரோண்டா பார்வையாளர் படிகளிலிருந்து இறங்கி வந்தாள். மகனைச் சுற்றி ஒருமுறை நடந்து, அவன் வெள்ளைச் சட்டையை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள்.

“இதைத் துவைக்கவே வேண்டாம்போல இருக்கே” என்றாள் என்னிடம்.