ஆளில்லை என்று காட்டிய அறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, நீதான் சொல்ல வேண்டும். போன வாரம் போனில், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் சளி என்றேன். சளி இல்லை.

ஸ்டோர் மாமா இறந்ததை அம்மா சொல்லியிருப்பாள். எப்படி என்பது அவளுக்கு முழுசாகத் தெரியாது. எங்கள் கல்லூரியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்லா அறையிலும் சென்சார் வைத்ததை எழுதியிருந்தேன் அல்லவா. பத்து நிமிஷம் அசைவில்லை என்றால் விளக்கும் ஃபேனும் தானாக அணைந்துவிடும், கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் ஆள் உள்ள அறை பச்சையாகவும் இல்லாத அறை சாம்பலாகவும் தெரியும். கரண்ட் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஜெனரேட்டர் புகையும் இல்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளும் இந்த மாதிரி வேலைதான் பார்க்கிறாள் என்று கேண்டீன் முழுக்கப் பெருமையடித்தவன் நான். மாமாவுக்குத்தான் ஒத்துவரவில்லை. கெமிஸ்ட்ரி ஸ்டோரில் அசையாமல் உட்கார்ந்து பாட்டிலுக்கு லேபிள் எழுதுவார், விளக்கு போய்விடும், இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, "அடேய், உசுரோடதான்டா இருக்கேன்" என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். முன்பெல்லாம் எலெக்ட்ரீஷியன்கள் நாங்கள் இரண்டு பேர் சாயங்காலம் அறை அறையாகப் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வருவோம். இனி அந்தச் சுற்று வேண்டாம் என்றார்கள், கால்வலி மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள்தான் கல்லூரி. ஸ்டாக் பார்க்க வேண்டும் என்று மாமா தங்கிவிட்டார். நாலு மணிக்கு என் டூட்டி முடிந்து கிளம்பும்போது அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று பார்த்தேன், இருட்டு. கண்ட்ரோல் ரூமில் எட்டிப் பார்த்தேன், சாம்பல். இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஸ்டாப்புக்குச் சேர்ந்து நடக்கிறவர் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபம்கூட வந்தது. ஆறரைக்கு அத்தை போன் செய்து, அவர் இன்னும் வரவில்லை என்றாள். ஓடினேன். ஸ்டோர் கதவைத் திறந்ததும் விளக்கு தானாக எரிந்தது. ரேக்குக்குப் பின்னால் விழுந்து கிடந்தார், மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

விசாரணையில், கருவி சரியாக வேலை செய்தது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். பொய் இல்லையே, போட்டுவிட்டேன். அதற்கப்புறம் கண்ட்ரோல் ரூம் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இத யாருமே கேக்கல" என்று அன்றைய பதிவைக் காட்டினாள். மூன்று பத்துக்கு ஒரு தரம், மூன்று முப்பத்தைந்துக்கு, நாலு இருபதுக்கு, ஐந்து ஐந்துக்கு. ஒவ்வொரு தரமும் விளக்கு எரிந்து பத்து நிமிஷத்தில் அணைந்திருக்கிறது. மாமா கையையோ காலையோ அசைத்திருக்கிறார், மகளே. கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது, மனுஷர் யாரும் பார்க்கவில்லை. அதை முதல்வரிடம் கொண்டுபோய் வைத்தேன். சுற்று மறுபடி ஆரம்பித்திருக்கிறது, எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்லாக. உன் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆள் இல்லை என்பதும் ஆள் அசையவில்லை என்பதும் ஒன்றில்லை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வழி உண்டா என்று உன்னோடு இருப்பவர்களிடம் கேட்டுப்பார்.

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அத்தை வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, அவரு ரொம்ப நேரம் இருட்டுலயா கெடந்தாரு?" என்று கேட்டாள். மனசில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "இல்லம்மா, லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு" என்றேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு ஒரு போன் போடு, மறந்துவிடாதே. விளக்கைப் பற்றிக் கேட்டால் நான் சொன்னதையே நீயும் சொல்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அப்பா