சிறுத்தை கீறிய மார்பு

குமாசி, கானா, 4 பிப்ரவரி 1987

என் அக்கா பெற்ற செல்வமே செர்வா,

மாமன் ஒபிரி எழுதுவது. இங்கே நான் நலம். நான் நலமென்றால் குமாசியே நலம். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து உருண்டு நிற்பதாக எழுதியிருந்தாய். இதற்கா அழுகை? டாக்டரிடம் சொல்லி அறுத்தெறி. நம் ரத்தம் லேசுப்பட்டதா! என் மார்புத் தழும்பைப் பார்த்திருக்கிறாயே. சிறுத்தை நகத்தால் கிழித்தது. விடிவதற்குள் எனக்கு ஆறிவிட்டது. சிறுத்தைக்குத்தான் ஆறவில்லை, செத்துப்போனது. ஆகஸ்டில் உன் கல்யாணத்துக்கு அந்தத் தழும்பு தெரிய, ஒரு தோளில் மட்டும் துணி போர்த்திக்கொண்டு வருவேன்.

உன் வீர மாமன்,
ஒபிரி

அக்ரா, 11 ஜூலை 1987

அன்புள்ள மாமாவுக்கு,

அறுத்தேன். முன்பைவிடப் பெரிதாக வளர்ந்து, கத்திரிப் பிஞ்சு போலத் தொங்குகிறது. அரிப்பு தாங்கவில்லை.

அறுக்கும் முன் டாக்டர் கேட்டார்: "உங்க வீட்ல வேற யாருக்காச்சும் தழும்பு இப்படி வளருமா?"

"மாமா மார்புல ஒண்ணு இருக்கு டாக்டர். ஆனா அது சிறுத்தை கீறினது" என்றேன். சிரித்துவிட்டு, வெறுமனே அறுத்து அனுப்பினார்.

நேற்று உங்கள் மனைவி டுஃபி அத்தை வந்தார். "அடியே, இது உங்க மாமன் மார்பேதான்! பருவைக் கிள்ளினாரு, இப்படித்தான் வளந்துச்சு. சிறுத்தையாம் சிறுத்தை! ஆட்டுக்குட்டி முட்ட வந்தாலே மரத்துல ஏறுற மனுஷன்!"

டாக்டர் மறுபடி அறுக்கப் போகிறார். குடும்ப வாகு என்றால் அறுத்த கையோடு ஊசியும் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் இன்னும் பெருகுமாம். ஒரே ஒரு வரி எழுதுங்கள், மாமா. பருவா, சிறுத்தையா?

செர்வா

குமாசி, 20 ஜூலை 1987

செல்வமே,

டுஃபி பேச்சையா நம்பினாய்? என் உப்பைத் தின்றுவிட்டு என்னையே காட்டிக்கொடுக்கிறாள்! கள்ளுக்கடையில் 'சிறுத்தை ஒபிரி' என்றால் ஊர்த்தலைவரே எழுந்து இடம் விடுகிறார். பருவுக்கு யார் இடம் விடுவார்?

நீ கேட்டதால் முழு உண்மையையும் எழுதுகிறேன். வந்தது ஒன்றல்ல, இரண்டு சிறுத்தைகள். அடக்கம் கருதி ஒன்றை மறைத்திருந்தேன். இதை டாக்டரிடம் காட்டு.

மாமன்

அக்ரா, 9 ஜூன் 1988

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் காட்டவில்லை. அத்தை சொன்னதைச் சொன்னேன். கல்யாணம் முடிந்ததும் அறுத்த கையோடு ஊசியும் போட்டார்; கட்டி மறுபடி வளரவில்லை.

பெண் பிறந்திருக்கிறாள். பெயர் சூட்டும் நாளில், "பொட்டப்புள்ளைக்கு இன்னும் காது குத்தலையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் தாய் வழியில் சிறுத்தை ரத்தத்திலேயே வருகிறது, துளை கண்டால் பாயும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று தாய்மாமன் நாற்காலியில் நீங்கள் மார்பைத் திறந்துகாட்டிக் கதை சொன்னீர்கள். சபையே கைதட்டியது. பக்கத்தில் நான், காதை மூடிய தலைத்துணியை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு நான் செய்த கடைசி மரியாதை அது.

செர்வா