சுருங்காத கிண்ணம்

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு, விருத்தாசலத்திலிருந்து அம்மா எழுதுவது. பெரியநாயகி மாதா தயவில் இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். அங்கே பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜூடும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்களுக்கென்று தனியாக ஒரு மணி தள்ளுகிறேன்.

முதலில் பிள்ளைகள் சமாசாரம். உன் அண்ணன் மகள் தமிழினி பீங்கான் டிப்ளமோவில் வகுப்பிலேயே முதல் மார்க். மார்க் ஷீட்டைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். எதிர்வீட்டுச் செல்வநாயகி கண்ணாடி இல்லாமல் தெரியாது என்று நழுவப் பார்த்தாள், உள்ளே போய்க் கண்ணாடியை நானே தேடி எடுத்து மாட்டிவிட்டேன். சேத்தியாத்தோப்பில் உன் அக்கா பையன் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது வந்திருக்கிறான். முதலில் வந்தவனுக்குக் கால் நீளமாம், அதனால் நம் கணக்கில் இவன்தான் முதல். அவன் தங்கை கோயிலில் ஞாயிறு வாசகம் படித்தாள், தூங்கிக் கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் ஜூடு நீச்சலில் கப்பு வாங்கினதை நான் பூனாவுக்கே முதலாவது என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து காதை வைத்துக் கொள்கிறார். நான் சொல்ல வேண்டியதோ அவருடைய சங்கதி. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார். போன கோடையில் பீங்கான் கம்பெனியில் சூளை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். சுகர் மாத்திரையைப் போட்டுக் கொண்டு, சூளை பிரிக்கிற அவசரத்தில் காலைப் பலகாரம் சாப்பிடாமல் போயிருக்கிறார். அதிலிருந்து முதலாளி பிரபாகரன் தம்பி அவரைச் சூளைப் பக்கமே விடவில்லை. மூன்று மாசச் சுகர் டெஸ்ட்டு நல்லபடியாக வருகிற வரைக்கும் அச்சுக் கொட்டகையோடு நில்லுங்க மாமா என்று சொல்லிவிட்டார். இவருக்கு அது பெரிய அவமானம். இவர் அடுக்க வேண்டிய சூளையை வேறு ஆள் அடுக்குகிறானே என்று வீட்டில் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி எனக்குப் பாடம் நடத்துவார்.

முதலாளி நல்ல பிள்ளை. ஒருத்தர் விழுந்த பிறகுதான் புத்தி வரணுமா என்று சொல்லி, எல்லோருக்கும் சுகர் பார்க்க ஏற்பாடு செய்தார், வாரம் ஒரு தடவை சண்முகப்ரியா என்று ஒரு நர்ஸ் பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண் நான் சமைக்கிற கேன்டீனுக்கு வந்து, சுகர் உள்ளவங்களுக்குத் தனி வரிசை, ஒரு கிண்ணம் சோறு, மிச்சம் கீரையும் காயும், டீயில் சீனி கிடையாது, மாத்திரை போடுறவங்க வேளை தப்பக்கூடாது என்று அழகாகச் சொல்லிவிட்டு, அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் கொடுத்தாள். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, என்னாடி இஞ்ஞாசி இது, குருவிக்கு வெக்கிற சோறு மாரி இருக்குது என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார். அந்தக் கிண்ணம் என் நேரத்துக்கு அடுப்போரம் இருந்து உருகிப் போய்விட்டது. பீங்கான் செய்கிற இடத்தில் பிளாஸ்டிக்கு எதுக்கு, நாமே செய்வோம் என்றார் முதலாளி. உன் அப்பா சூளையைவிட வேகமாகச் சூடாகி, அந்த அச்சை நான் செய்றேன் என்று எழுந்து நின்றார். அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அச்சைப் பார்த்த நர்ஸு, பெருசா இருக்குதே ஐயா என்று கேட்டாள். மண்ணு சுருங்கும்மா, காயும்போது கொஞ்சம், சூளையில வேகும்போது கொஞ்சம், வெளிய வரும்போது பாரு, சிட்டா இருக்கும் என்றார். சுருங்கும் என்பது நிஜம்தான், அதற்கு இடம் விட்டுத்தான் எந்த அச்சும் செய்வார்கள். எவ்வளவு சுருங்கும் என்று நமக்கென்ன தெரியும், பின்னக் கணக்கு வருவதற்குள் என் படிப்பு அஞ்சாவதோடு நின்றுவிட்டது. வெள்ளை வெளேரென்று கிண்ணங்கள் வந்து இறங்கின, விளிம்பில் நீலக் கோடு வேறு. நானும் பெருமையாக நிறைய நிறையச் சோறு அளந்து போட்டேன். பத்தியச் சாப்பாடு இவ்ளோ நல்லா இருக்கும்னு தெரியாம போச்சே அக்கா என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். சுகரே இல்லாதவர்கள்கூடத் தனி வரிசையில் வந்து நின்றார்கள். லாரி டிரைவர் பழமலைநாதன் எனக்கும் சுகர் மாரிதான் இருக்குது என்று சத்தியம் செய்து கிண்ணம் வாங்கினான். என் கைப்பக்குவம்தான் என்று நான் உன் அக்கா ஜோஸ்பினுக்குப் போன் போட்டுப் பீற்றிக் கொண்டேன்.

மூன்று மாசம் கழித்து டெஸ்ட்டு வந்தது. தனி வரிசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஏறியிருந்தது, உன் அப்பாவுக்கு எல்லோரையும்விட. நர்ஸுப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகக் கேன்டீனுக்கு வந்து, தான் புதிதாகக் கொண்டு வந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு நம் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதிதான் வந்தது. இன்னொன்று ஊற்றினாள், அப்போதுதான் நிறைந்தது. கேன்டீன் முழுக்க உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவ மண்ணு சொன்ன பேச்சு கேக்கல என்றார். மண்ணு கேட்டுது மாமா, நீங்கதான் கேக்கல என்றார் முதலாளி. பழமலைநாதன் மட்டும் எழுந்து போய், நல்ல கிண்ணம்தானே, எதுக்குக் குறை சொல்றீங்க என்று கட்சி பேசினான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் சத்தம் போடவில்லை. இன்னொரு தரம் விழுந்தா சூளைக்குள்ளேயே விழுவீங்க, அப்புறம் நான் யாருக்குச் சோறு அளக்கிறது என்று மட்டும் கேட்டேன்.  அடுத்த வாரம் நர்ஸ் வந்ததும் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து வேறு அச்சு செய்தார், ஒழுங்காகச் சுருங்கி வந்தது. பெரிய கிண்ணங்களை உடைக்க மனமில்லை, அதில்தான் இப்போது கீரைக்கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும் எல்லோருக்கும் போடுகிறேன். அது நிறையவும் உன் அப்பா தின்றாக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஒவ்வொரு வாய்க்கும் இந்த விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம் என்று தலையில் அடித்துக் கொள்கிறார். பழமலைநாதனுக்குச் சுகர் தானாகவே குணமாகிவிட்டதாம், வரிசைக்கே வருவதில்லை.

போன வாரம் பார்த்ததில் நன்றாக இறங்கியிருக்கிறது. கோணான்குப்பம் மாதா திருவிழா முடிந்து இன்னொரு டெஸ்ட்டு, அதிலும் இப்படியே இருந்தால் சூளைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் கிறிஸ்துமஸ் வருகிறது, பொங்கல் வருகிறது, அதுதான் என் கவலை. நீயும் ஆபீசில் டீயும் பிஸ்கட்டுமாக மதியத்தை ஓட்டாதே, வேளைக்குச் சாப்பிடு, சாப்பிட்டதும் கொஞ்சம் நட. உனக்கும் அப்பா வயிறுதான்.

இன்னொன்று. யாருக்காக உடம்பைப் பாத்துக்கணுமோ அவங்க போட்டோவச் சாப்பாட்டு மேசையில வெச்சுக்குங்க என்று நர்ஸ் எல்லோரிடமும் சொன்னாள். உன் அப்பா வைத்திருப்பது ஜூடு பிறந்தநாளுக்கு நீ அனுப்பின போட்டோ. பேரனைப் பார்க்கச் சொன்னால் அவன் கையிலிருக்கிற கேக்கையே பார்த்து எச்சில் விழுங்குகிறார். மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. திருவிழாவுக்குள் ஜூடு வெறுங்கையோடு நிற்கிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, வாயையும் துடைத்துவிட்டு எடு.

இப்படிக்கு
உன் அம்மா
அ. இஞ்ஞாசியம்மாள்