பேசாத கருவியின் பழைய முகவரியைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
தையல்காரர் (நோயாளியின் கணவர்),
மாடி வீடு, மருந்துக்கடைச் சந்து.

பெறுநர்:
மண்டல அதிகாரி அவர்கள்,
இணையச் சேவை அலுவலகம்.

பொருள்: புதிய இணைய முகவரி முறைக்கு மாற்றியபோது, என் மனைவியின் இதயக் கண்காணிப்புக் கருவிக்கு இருந்த பழைய முகவரியை நீக்கியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி இதய நோயாளி. அவள் கட்டிலருகே மருத்துவமனை கொடுத்த சிறு கருவி ஒன்று இருக்கிறது. நாடித்துடிப்பு தவறினால் அது இணையம் வழியாக மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பும், ஆம்புலன்ஸ் வந்துவிடும். அந்த தைரியத்தில்தான் நான் கீழே கடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

2. எங்கள் பகுதியின் இணைப்புகளைப் புதிய, நீளமான இணைய முகவரிகளுக்குத் தாங்கள் மாற்றினீர்கள். கைப்பேசிகளுக்குப் பழையது, புதியது இரண்டும் தெரியும். இந்தக் கருவிக்குப் பழையது மட்டுமே தெரியும். இதுபோன்ற கருவிகளுக்காகப் பழைய முகவரிகளும் சில காலம் தொடரும் என்று அறிவித்துவிட்டு, எங்களுடையதைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கிவிட்டீர்கள்.

3. சென்ற மாதம் அவள் மயங்கி விழுந்தாள். தையல் மோட்டார் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டு அக்கா, "தம்பி, மேல ஓடு, அவ கீழ கெடக்கறா!" என்று கத்திய பிறகுதான் ஓடினேன். உயிர் பிழைத்தாள். ஆனால் தாமதத்தில் இடது கை செயலிழந்துவிட்டது. கருவியைச் சோதித்த மருத்துவமனை ஊழியர், "மிஷின் அதோட வேலைய செஞ்சிருக்குங்க. தகவல் வெளிய போகத்தான் வழியில்ல" என்றார்.

4. புகார் செய்தேன். தங்கள் ஊழியர் வந்தார். தன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டு, "நெட்டு சூப்பரா இருக்கு சார்" என்று போய்விட்டார். அவர் படியிறங்குவதற்குள் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மறுபடியும் புகார் செய்தேன். மறுபடியும் பாட்டுதான் ஓடியது.

5. அலையாய் அலைந்த பிறகு எழுத்தில் பதில் கிடைத்தது. அந்த முகவரியிலிருந்து நெடுநாளாக எந்தத் தகவலும் வராததால், பயன்பாட்டில் இல்லாதது என்று கருதி நீக்கினார்களாம். ஐயா, ஆபத்து வந்தால் மட்டும் பேசும் கருவி அது. அது வாய் திறக்காத நாளெல்லாம் என் மனைவி நன்றாக இருந்தாள். அதைத்தான் தங்கள் அலுவலகம் யாருமில்லை என்று எடுத்துக்கொண்டது.

6. புதிய கருவி எப்போது வரும் என்று கேட்டால் மருத்துவமனை கைவிரிக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கும் நீங்களே ஓடிப்போய் சொல்லுவீங்களா?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் மூடினாலே மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

7. எனவே, வேறு கருவி கிடைக்கும்வரை அந்தப் பழைய முகவரியை மட்டும் எங்களுக்குத் திருப்பித் தரும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவளைத் தனியே விட்டு வர முடியாததால் எதிர்வீட்டு அக்காவிடம் இம்மனுவைக் கொடுத்தனுப்புகிறேன். இதற்குப் பிறகு எங்களிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்றால், குறை தீர்ந்துவிட்டது என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

நாள்: மாதக் கடைசி வேலைநாள்
இடம்: அவள் கட்டிலருகே

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையல்காரர்