பாறை முனைக்கு அப்பால் இருந்த மணல்

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பதில் வர முடியாத இடத்துக்கு எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். நீ எதிரில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே நான் அதிகம் பேசியதில்லை. இப்போது பேச வருவது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இன்று காலை தாராவியிலிருந்து மாஹிம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, தோல் கிடங்குகளின் நாற்றத்தையும் மீறிக் கழிமுகத்திலிருந்து சேற்று நாற்றம் வந்தது. தண்ணீர் உள்வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அந்தக் கழிமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த நாற்றம் ஏன் ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மாலையிலும் வருகிறது என்று மார்வே கடற்கரைக்குப் போய் வரும்வரை யோசித்ததே இல்லை. இப்போது அது வந்தால் என் கால்கள் நின்றுவிடுகின்றன. இன்றும் நின்றேன். ரயில் போய்விட்டது.

சீனச் சண்டைக்கு அடுத்த குளிர்காலம். நாம் இருவரும் ஒரே நாளில் தற்காலிக வேலையில் சேர்ந்தவர்கள். ஆபீஸ்களுக்கு இடையே நடக்கும் விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கும் ஒரு மைல் ஓட்டம் வைத்திருக்கிறார்கள், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வேலையை நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பெரிய கிளார்க் சொன்னார். உனக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. எங்கள் வீட்டில் முதலில் பி.ஏ. படித்தவள் நான். வேலை நிலைக்காவிட்டால் என்னை ஊருக்குக் கூட்டிப்போய் நிக்காஹ் முடித்துவிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார்.

ஆனால் இரண்டு பெண்கள் ஓடிப் பழக இந்தப் பம்பாயில் எங்கே இடம்? மாட்டுங்கா தோட்டத்தில் ஓடினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மாஹிம் கரையில் ஓடினோம்; வலைகளும் கழிவும். அப்போதுதான் உன் அம்மா, மார்வேயில் இருந்த ஆபீஸ் பங்களாவில் இரண்டு நாள் தங்க ஏற்பாடு செய்து நம்மோடு தானும் வந்தார். ஆபீஸ் பிக்னிக் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மலாடில் இறங்கி, பஸ் பிடித்து, சேர்ந்த அன்று சாயங்காலமே ஓட வழி தேடிப் புறப்பட்டோம். படகுத்துறைக்குப் போகும் சாலையில் கள்ளுக்கடை இருந்தது. தென்னந்தோப்புக்குள் போன பாதையில் நாய்கள் துரத்தின. பங்களாவுக்கு எதிரே இருந்த மணலில் கால் கணுக்கால்வரை புதைந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நீதான் அந்தப் பாறை முனையைக் கண்டுபிடித்தாய். அதன் அடியில் நனைந்த மணலில் ஒரு வழி. சுற்றிக்கொண்டு அப்பால் போனால், சிமெண்டு போட்டது போல இறுகிய ஈர மணல், வளைந்து நீண்டு கிடந்தது. ஓர் ஆள் இல்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினேன். யாரும் பார்க்காமல் ஓடியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. திரும்பும்போது பாறைக்கடியில் வழி இன்னும் அகலமாகியிருந்தது.

"ஆறு மணிக்குக் கதவு திறக்கறதுடி," என்றாய். "நம்ம எட்டேகால் லோக்கல் மாதிரி. முன்னே பின்னே ஆகாது."

நானும் நம்பினேன். ரயில் நேரத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? கடல் ஏறி இறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப் போகும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

பத்து நாள் கழித்து ஒரு விடுமுறைக்கு மறுபடி போனோம். அதே ஆறு மணி. பாறைக்கடியில் அதே வழி, அதே அகலம். முதல் தடவை தண்ணீர் விலகிப் போய்க்கொண்டிருந்தது; இந்தத் தடவை திரும்பி வந்துகொண்டிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இட்லி ஆறுவதற்குள் வந்துவிடச் சொல்லி உன் அம்மா அனுப்பினார். நாம் நான்கு சுற்று ஓடினோம். பிறகு உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது வழி இல்லை. பாறையில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. மேலே ஏற முடியாத செங்குத்து. நாம் ஓடிய மணலும் சுருங்கிக்கொண்டே வந்தது. இருவருக்கும் நீச்சல் தெரியாது. நீ சிரிக்கப் பார்த்தாய், உதடு நடுங்கியது. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். முழங்கால், பிறகு இடுப்பு. ஓர் அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போனது. உன் கால் பாறை இடுக்கில் சிக்கியது.

"நில்லுடி, கையைக் குடு," என்றாய்.

எனக்குக் கேட்டது. அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெளிவாகக் கேட்டது. நான் நிற்கவில்லை. அப்பால் மணல் கிடைத்ததும் ஓடினேன். யாரையும் கூப்பிடவில்லை. பங்களாவின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பாறையில் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண்மணிதான், கோலி இனத்தவர், உன்னைப் பார்த்து, புருஷனைக் கூவி அழைத்து, இருவருமாக உன்னை இழுத்துப் போட்டார்கள். சத்தம் கேட்டு நான் கல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தேன். உன்னைத் தாங்கிக்கொண்டு வந்த அந்த அம்மாள், "பர்தீ ஆலி, பர்தீ" என்று கடலைக் காட்டி நம் இருவரையும் மராத்தியில் திட்டித் தீர்த்தார். தண்ணீர் ஏறுகிற நேரம் கூடத் தெரியாதா என்று கேட்டிருப்பார்.

உன் அம்மா ஓடி வந்தார். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "இவதான்மா ஓடிப் போய் ஆளைக் கூட்டிண்டு வந்தா. இல்லேன்னா நான் இல்லே."

உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. கோலி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது.

பஸ்ஸில் உன்னிடம் சொல்லத் தொடங்கினேன். வீங்கிய காலைச் சீட்டில் நீட்டிக்கொண்டு, "ஓடறதுக்குத்தானேடி போனோம். நீ ஓடினே. விடு," என்றாய். அது கோபமா, பரிவா, வெறும் கேலியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உன் கணுக்கால் ஆறுவதற்குள் போட்டி வந்துவிட்டது. நான் மூன்றாவதாக வந்தேன். நீ ஓடியிருந்தால் நான் நான்காவது. எனக்கு வேலை நிரந்தரமானது. நீ செம்பூரில் வேறு வேலை தேடிக்கொண்டாய். வாராவாரம் வந்து பார்த்தாய், ஒரு தடவைகூட அந்தக் காலையைப் பற்றிப் பேசவில்லை. இந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் மாட்டுங்காவில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அன்னிக்கு மீட்டுக் குடுத்ததாலே இன்னும் மூணு வருஷம் எனக்குப் பொண்ணு இருந்தா," என்றார். பாலக்காட்டிலிருந்து அவருடைய அண்ணாவும் மன்னியும் வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை நான் வந்து, மார்வேயில் நடந்ததை என் வாயால் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று முதல் தூக்கம் இல்லை. நீ சொன்ன கதையையே சொல்லிவிட்டால் எல்லோரும் என்னைக் கொண்டாடுவார்கள். அந்த அம்மா அந்த மூன்று வருஷத்தை என் பெயரில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். உண்மையைச் சொன்னால் உன்னையும் பொய் சொன்னவளாக்குகிறேன். அவருக்கு மிஞ்சியிருக்கும் ஓர் ஆறுதலையும் பறிக்கிறேன். சொல்லாவிட்டால் அந்தக் கை என்னைத் தொடும்போதெல்லாம் நான் பாறைக்கடியில் நிற்கிறேன்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். முதலில் அம்மாவிடம் தனியாக. அதற்கு உன் அனுமதி வேண்டாம் என்று ஒரு சமயம் தோன்றுகிறது, வேண்டும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. இவ்வளவு எழுதியதும் அதைக் கேட்பதற்காக அல்ல. கேட்க வந்தது வேறு. என்னை எனக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் உன் அம்மா பேசாமல் என் முகத்தைப் பார்ப்பார். அப்போது நான் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கி ஓடிவிடுவேன். அவர் அழுதாலும், திட்டினாலும், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும், அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படியாவது என்னை உட்கார வை.